சோலார் மானியம் முதல் கார்பன் கிரெடிட் வரை: பசுமைக்குத் தரும் பணம் எப்படி வேலை செய்கிறது?

சென்னையில் சொந்த மொட்டை மாடி உள்ள யாருடைய வாட்ஸ்அப்பிலும் இப்போது ஒரு செய்தியாவது வந்திருக்கும். "சோலார் போட்டால் கரண்ட் பில் ஜீரோ, 78,000 ரூபாய் மானியம், இன்றே அழையுங்கள்." மத்திய அரசின் பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் பெயரிலேயே 'முஃப்த் பிஜ்லி', அதாவது இலவச மின்சாரம், என்று இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. அரசே வந்து பேனல் மாட்டிவிட்டுப் போகும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மிச்ச மின்சாரத்தை இ.பி.க்கு விற்று மாதாமாதம் சம்பாதிக்கலாம் என்று கணக்குப் போடுபவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், "இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் வரி ஏய்க்கிற வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள்.

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்றும் வெவ்வேறு வகை உதவியைப் பற்றிய பேச்சு என்பதுதான் சிக்கல். எந்தச் செயலுக்காக, எந்த நேரத்தில், யார் கையில் பணம் போகிறது என்று பிரித்துப் பார்த்தால் இந்தத் துறையின் முக்கால்வாசி புரிந்துவிடும்.

பணம் கொடுக்க வேண்டிய தேவை என்ன?

சோலார் நல்லது என்றால் மக்கள் தாமாகவே போட்டுக்கொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

வடசென்னையில் எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் போனவர்களுக்கு அனல் மின் நிலையச் சாம்பல் தெரிந்திருக்கும். கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அந்தச் சாம்பல் படிந்து மீனவர்களின் பிழைப்பு கெட்டது பல ஆண்டுகளாக வழக்காகவும் போராட்டமாகவும் பேசப்பட்ட விஷயம். ஆனால் தி.நகரிலோ வேளச்சேரியிலோ வரும் கரண்ட் பில்லில் அந்த இழப்புக்கு ஒரு வரி கூடக் கிடையாது. ஒரு பொருளைச் செய்பவரும் வாங்குபவரும் கொடுக்காமல், சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் சுமக்கும் இத்தகைய செலவுக்குப் பொருளாதாரத்தில் புறச்செலவு என்று பெயர். அதைக் கணக்கில் சேர்க்காததால் நிலக்கரி மின்சாரம் இருப்பதைவிட மலிவாகத் தோன்றுகிறது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள். அழுக்காக்குபவரிடம் வசூலிப்பது ஒன்று. சுத்தமாகச் செய்பவருக்குக் கொடுப்பது மற்றொன்று. இந்தியா இரண்டையும் முயன்றது. 2010இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் 'தூய ஆற்றல் செஸ்' என்ற தனி வரி போட்டார்கள். 2016க்குள் அது 400 ரூபாய் ஆனது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அது மாநிலங்களுக்கான இழப்பீட்டு செஸ்ஸாக மாறிப்போனது. வரி போடுவது அரசியலில் கடினம், கொடுப்பது எளிது. ஆகவே நம் கண்ணில் அதிகம் படுவது இரண்டாவது வழிதான்.

ஒரு இட்லிக் கடை, ஆறு வகை உதவி

திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் நிறைந்த ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். இருநூறு பேச்சிலர்கள் இருக்கிறார்கள். காலையில் ஒழுங்காக இட்லி கிடைப்பதில்லை. தெருவாசிகள் எல்லோரும் சேர்ந்து, ஒரு அக்காவை இட்லிக் கடை போட வைக்க நினைக்கிறார்கள். எப்படியெல்லாம் உதவலாம்?

கிரைண்டர், அடுப்பு வாங்கப் பாதிப் பணம் கொடுக்கலாம். அல்லது பொருள் வாங்க எதுவும் தராமல், விற்கும் ஒவ்வொரு இட்லிக்கும் ஒரு ரூபாய் கூடுதலாகத் தரலாம். கடனைக் குறைந்த வட்டிக்கு ஏற்பாடு செய்யலாம். அவர் ஏற்கெனவே பூக்கடையும் நடத்துகிறார் என்றால், "கிரைண்டர் செலவைப் பூக்கடை லாபத்தில் கழித்துக்கொள், வரி குறையும்" எனலாம். மீந்த இட்லியை இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று உறுதி கொடுக்கலாம். கடைசியாக, ஒரு மேன்ஷன் வாங்கும் இட்லியில் பத்தில் ஒரு பங்காவது இந்தக் கடையிலிருந்து வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம்.

ஆறும் அக்காவுக்கு நல்லதுதான். ஆனால் விளைவு ஒன்றாக இருக்காது. கிரைண்டருக்கு மட்டும் பணம் கொடுத்தால் கிரைண்டர் நிச்சயம் வாங்கப்படும், இட்லி வருமா என்பது உறுதியில்லை. இட்லிக்கு ஒரு ரூபாய் என்றால் இட்லி வரும், ஆனால் கிரைண்டர் வாங்கவே கையில் காசில்லாதவர் உள்ளே வர முடியாது. பூக்கடை வழி, ஏற்கெனவே லாபம் உள்ளவருக்கு மட்டும். கட்டாயம் போட்டால் செலவு மேன்ஷன் வாடகையில் ஏறும்.

சோலார், காற்றாலை, மின்வாகனம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று எந்தப் பசுமை ஊக்கத்தை எடுத்தாலும் இந்த ஆறில் ஒன்றாகவோ, இரண்டு மூன்றின் கலவையாகவோ இருக்கும்.

மொட்டை மாடி: கிரைண்டருக்குக் கொடுக்கும் பணம்

முதல் வகைக்கு மூலதன மானியம் என்று பெயர். ஒரு சாதனத்தை வாங்கி நிறுவும் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்பது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டம் இந்த வகை. ஒரு கோடி வீடுகள் இலக்கு, ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக மொத்தம் 78,000. நீங்கள் 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான்.

கிலோவாட் என்பது பேனலின் திறன். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும், மாசி, பங்குனியில் கூடும். இடம், கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, அதுவும் தண்ணீர்த் தொட்டியின் நிழலோ பக்கத்துக் கட்டடத்தின் நிழலோ விழாத இடமாக இருக்க வேண்டும். வர்தா புயலைப் பார்த்த ஊர் என்பதால், பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

பணம் வரும் நேரம்தான் இங்கே பெரிதாகத் தவறிப்போகும் விஷயம். மானியம் முதலில் வராது. முழுத் தொகையையும் நீங்கள் (அல்லது உங்கள் வங்கிக் கடன்) கட்டுகிறீர்கள். பேனல் மாட்டி, இ.பி. வந்து பார்த்து, மீட்டர் மாற்றி, உற்பத்தி தொடங்கிய பிறகு மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும். உள்நாட்டிலேயே தயாரான பேனலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. விலை கொஞ்சம் கூடுதலான அந்தப் பேனலைத் தவிர்த்துவிட்டு, "மானியமும் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் இரண்டில் ஒன்று நடக்காது.

இப்போது பலரும் செய்யாத ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். அதன் பிறகு ஸ்லாப் முறை. பயன்பாடு ஏற ஏற, யூனிட் விலையும் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல், 800ஐத் தாண்டினால் 10 ரூபாய்க்கு மேல்.

அண்ணா நகரில் இரண்டு ஏசி ஓடும் ஒரு வீடு, இரண்டு மாதத்தில் 900 யூனிட் எரிக்கிறது என்போம். பில் ஆறாயிரம் ரூபாயை ஒட்டி வரும். 3 கிலோவாட் பேனல் அந்த இரண்டு மாதத்தில் சுமார் 720 யூனிட் தரும். மீதி 180 யூனிட்டுக்குத்தான் பில், அதாவது சில நூறு ரூபாய். பேனலுக்கு 2 லட்சம் ஆனது என்று வைத்தால், மானியம் போக 1,22,000. ஏறக்குறைய நான்கு ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். பேனலின் ஆயுளோ சுமார் 25 ஆண்டு.

அதே நேரத்தில் வியாசர்பாடியில் ஒரு வீடு, ஃபேன், டி.வி., ஃப்ரிட்ஜ் மட்டும், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். பில் ஐந்நூறு ரூபாய்க்குள். ஒரு கிலோவாட் பேனல் போட்டு மானியம் போகக் கையிலிருந்து 45,000 ரூபாய் கொடுத்தால், அந்தப் பணம் திரும்பப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும். இ.பி. வசூலிக்கும் சில்லறைக் கட்டணங்களை நான் சேர்க்கவில்லை, சேர்த்தாலும் இந்த வித்தியாசம் மாறாது. அதே அரசு தரும் 100 இலவச யூனிட்டும் மலிவான கீழ் ஸ்லாபும் இந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு மானியம். ஒரு மானியம் இன்னொன்றின் கவர்ச்சியைத் தின்றுவிடுகிறது. ஆகவே "எல்லாரும் சோலார் போடணும்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவர்கள், யாருடைய பில்லை மனதில் வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நெட் மீட்டரிங்: பகலில் கொடுத்து இரவில் வாங்குவது

மேலே போட்ட கணக்கு பலிக்க இன்னொன்று வேண்டும். பேனல் பகலில்தான் தரும், ஏசி இரவில்தான் ஓடும். பகலில் மிஞ்சுவதை இ.பி. கம்பியில் அனுப்பிவிட்டு, இரவில் அதே கம்பியிலிருந்து எடுத்து, இரண்டையும் கழித்து மீதிக்கு மட்டும் பில் போடும் முறைதான் நெட் மீட்டரிங். போகும் யூனிட்டையும் வரும் யூனிட்டையும் தனித்தனியாக எண்ணும் இருவழி மீட்டர் அதற்காகத்தான்.

இது கையில் பணமாக வருவதில்லை. பில்லில் கழிகிறது, மிஞ்சினால் அடுத்த பில்லுக்கு வரவாகிறது. தேவைக்கு மேல் பெரிய பேனலாகப் போட்டு 'இ.பி.க்கு விற்று' வருமானம் பார்க்கலாம் என்ற எண்ணம் இங்கேதான் இடிக்கிறது. கடைகளுக்கும் சிறு தொழிற்கூடங்களுக்கும் நிலைமை இன்னும் வேறு. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை ஆணைய உத்தரவுப்படி, வீட்டு இணைப்புக்கு யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் முறை, மற்ற தாழ்வழுத்த இணைப்புகளுக்கு 'நெட் ஃபீட் இன்' முறை. அதில் நீங்கள் அனுப்பும் யூனிட்டுக்கு ஆணையம் நிர்ணயித்த ஒரு விலை ரூபாயில் வரவு வைக்கப்படும். அது நீங்கள் வாங்கும் விலையைவிடக் குறைவு. ஆகவே அம்பத்தூரில் பகல் ஷிஃப்ட் மட்டும் ஓடும் ஒரு லேத் பட்டறைக்கு சோலார் நன்றாகப் பொருந்தும், உற்பத்தியாகும்போதே எரித்துவிடுவதால். ராத்திரி ஓடும் பேக்கரிக்கு அந்த அளவு பொருந்தாது.

மின்வெட்டு நேரத்தில் பேனல் கைகொடுக்குமா? சாதாரண நெட் மீட்டர் அமைப்பு கொடுக்காது. லைன் போனதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து கரண்ட் பாய்ந்துவிடக் கூடாதே. மின்வெட்டில் எரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய அமைப்பு வேண்டும், விலை வேறு.

இதில் இ.பி.யின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். 10 ரூபாய் ஸ்லாபில் கட்டுபவரும், தொழிற்சாலைகளும் கூடுதலாகக் கட்டுவதால்தான் கீழ் ஸ்லாபுக்காரர்களுக்கும் பிறருக்கும் குறைந்த விலையில் கொடுக்க முடிகிறது. இதற்குக் குறுக்கு மானியம் என்று பெயர். அதிகம் கட்டும் வாடிக்கையாளர்கள் சோலாருக்குப் போகப் போக, கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், ஆள் சம்பளம் எல்லாம் அப்படியே இருக்க, வசூல் மட்டும் குறைகிறது. சோலார் வைத்திருக்கும் தொழில்களிடம் நெட்வொர்க் கட்டணம் கேட்பதும், அதற்கு எதிராகச் சிறுதொழில் சங்கங்கள் குரல் கொடுப்பதும் இதன் விளைவுதான். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால்தான் அந்தச் சண்டை ஓயாமல் நடக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மானியம் சாதனத்தின் விலையைக் குறைக்கிறது, ஒரே ஒரு முறை, வேலை முடிந்த பிறகு. நெட் மீட்டரிங் ஒவ்வொரு பில்லிலும் மிச்சம் காட்டுகிறது. உங்களுக்கு எவ்வளவு மிச்சம் என்பதை இந்த இரண்டையும்விட உங்கள் ஸ்லாப்தான் அதிகம் தீர்மானிக்கிறது.

முப்பந்தல் காற்றாலைகள் சொல்லிக்கொடுத்தது

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவில் போகும் எவருக்கும் முப்பந்தல் காற்றாலைகள் பழக்கம். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 11,000 மெகாவாட்டுக்கு மேல். அவற்றில் பல, அங்கிருந்து எழுநூறு கிலோமீட்டர் தள்ளி சென்னையிலும், கோவை, திருப்பூர் வட்டாரத்திலும் இருந்த நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. துணிமில்லும் சிமெண்ட் கம்பெனியும் காற்றாலை வாங்கியதற்கு மின்சாரத் தேவை ஒரு காரணம். வருமான வரி இன்னொரு காரணம்.

இயந்திரம் நாளாக நாளாக மதிப்பிழக்கும். அந்த இழப்பைச் செலவாகக் காட்டி, லாபத்தில் கழித்துக்கொள்ள வரிச் சட்டம் அனுமதிக்கிறது. இது தேய்மானம். சாதாரண இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதம். காற்றாலைக்கும் சோலாருக்கும் அதைவிட வேகமாகக் கழிக்க விட்டால் அது விரைவுத் தேய்மானம். 1990களில் முதல் ஆண்டிலேயே 100 சதவீதம் வரை கழிக்க முடிந்தது. பிறகு 80 ஆனது, 2017 ஏப்ரலிலிருந்து 40.

கணக்காகப் பார்ப்போம். கிண்டியில் ஒரு நிறுவனம் 50 லட்சத்துக்கு சோலார் போடுகிறது. 40 சதவீதம் என்றால் முதல் ஆண்டில் 20 லட்சத்தை லாபத்திலிருந்து கழிக்கலாம். வரி விகிதம் 25 சதவீதம் என்று வைத்தால் 5 லட்சம் வரி குறையும். சாதாரண 15 சதவீதம் என்றால் ஏழரை லட்சம்தான் கழியும், வரியில் இரண்டு லட்சத்துக்கும் குறைவாகவே மிச்சம். ஆக, முதல் ஆண்டில் மூன்று லட்சத்துக்குச் சற்று மேல் லாபம்.

ஆனால் அந்த மூன்று லட்சம் அரசு தூக்கிக்கொடுத்த பணமல்ல. இரண்டு முறையிலும் கடைசியில் கழிவது அதே 50 லட்சம்தான். முன்கூட்டியே கழித்தால் பின்னால் கழிக்க மிச்சம் குறையும், அப்போது வரி கூடும். உண்மையில் அரசு செய்வது வரியைத் தள்ளிப்போட்டு, அந்தக் காலத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தது போன்ற ஒரு வேலை. "100 சதவீதம் வரி விலக்கு" என்று அந்தக் காலத்தில் பேசப்பட்டதில் பாதி இந்தப் புரியாமைதான். லாபமே இல்லாத நிறுவனத்துக்கு இதனால் ஒரு பைசா பயனில்லை. இன்னொரு சுவாரசியமும் உண்டு. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதி விகிதம்தான் கிடைக்கும். எனவே செப்டம்பர் முடிவதற்குள் இயக்கிக் காட்ட ஓட்டம், அதைத் தவறவிட்டவர்களுக்கு மார்ச் முடிவதற்குள் இன்னொரு ஓட்டம்.

கிரைண்டருக்குப் பணம் கொடுத்தால் கிரைண்டர்தான் வரும் என்று மேலே சொன்னது இங்கே நடந்தது. வரிச் சலுகை, காற்றாலையை வாங்கியதற்காகக் கிடைத்தது, அது சுற்றியதற்காக அல்ல. காற்று நன்றாக இல்லாத இடத்திலும், தரம் குறைந்த இயந்திரத்தையும் வாங்கிப் போட்டுவிட்டு, பராமரிப்பில் அக்கறை காட்டாதவர்களும் இருக்கிறார்கள் என்ற விமர்சனம் எழுந்தது. அதற்கு மாற்று வழியாக 2009 டிசம்பரில் உற்பத்தி அடிப்படை ஊக்கத்தொகை வந்தது. விரைவுத் தேய்மானம் கேட்காதவர்களுக்கு, மின் கட்டமைப்பில் செலுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மின்விலைக்கு மேல் 50 பைசா, ஒரு மெகாவாட்டுக்கு அதிகபட்சம் முதலில் 62 லட்சம், பிறகு ஒரு கோடி ரூபாய் வரை. காற்றாலை சுற்றினால்தான் காசு. 2017 மார்ச்சோடு அது முடிந்தது. காற்று எங்கே எவ்வளவு வீசுகிறது என்று அளந்து சொல்லும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் நம் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. யூனிட்டுக்குக் காசு என்று ஆனதும், அப்படிப்பட்ட அளவீட்டுக்கு மதிப்பு கூடியது.

இதே தர்க்கம் சாலையிலும் உண்டு. 2025 ஜூனில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கிய மாநகரப் பேருந்துக் கழகத்தின் 120 மின்பேருந்துகளைக் கழகம் விலைக்கு வாங்கவில்லை. இயக்கும் நிறுவனத்துக்கு ஓடிய கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுக்கிறது. பஸ் நின்றால் நட்டம் நிறுவனத்துக்கு.

விலை உறுதியும் கட்டாயமும்

மீந்த இட்லியை இன்ன விலைக்கு வாங்குகிறோம் என்று வாக்குக் கொடுப்பது போன்றதுதான் நிலை விலை. மின் நிலையத்திடமிருந்து இருபத்தைந்து ஆண்டுக்கு இந்த விலையில் வாங்குகிறோம் என்ற ஒப்பந்தம். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் தொடங்கிய 648 மெகாவாட் சோலார் நிலையத்துக்கு யூனிட்டுக்கு 7.01 ரூபாய் கிடைத்தது. அடுத்த ஆண்டே, 2017 மே மாதம், ராஜஸ்தானின் பத்லாவில் ஏலத்தில் கேட்கப்பட்ட விலை 2.44 ரூபாய். பேனல் விலை விழுந்துகொண்டிருக்கும் காலத்தில் நீண்ட கால விலை உறுதி எவ்வளவு செலவுள்ளது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு தேவையில்லை. அதனால்தான் பெரிய திட்டங்களில் அரசு நிர்ணய விலை போய், யார் குறைவாகக் கேட்கிறார் என்று பார்க்கும் ஏலம் வந்தது. ஆரம்பத்தில் அதிக விலை கொடுத்ததால்தான் தொழிலே வளர்ந்து விலை விழுந்தது என்ற வாதமும் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது.

கட்டாயம் என்ற வழி 2003 மின்சாரச் சட்டத்தில் இருக்கிறது. மின் விநியோக நிறுவனங்களும், சொந்த மின் நிலையம் வைத்திருக்கும் பெரிய ஆலைகளும் தங்கள் மின்சாரத்தில் இத்தனை சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து பெற வேண்டும். முடியாதவர்கள் சான்றிதழ் வாங்கி ஈடுகட்டலாம். 1,000 யூனிட் பசுமை மின்சாரம் உற்பத்தி செய்தால் ஒரு சான்றிதழ், மின்சந்தையில் விற்கலாம். கம்பிக்குள் போன பிறகு காற்று மின்சாரம், நிலக்கரி மின்சாரம் என்று பிரிக்க முடியாது. எனவே மின்சாரத்தை ஒருவரிடமும், அது பசுமையானது என்ற உரிமையை இன்னொருவரிடமும் தனித்தனியாக விற்கும் ஏற்பாடு இது. ஒரு ஐ.டி. நிறுவனம் "நாங்கள் முழுக்கப் பசுமை மின்சாரத்தில் ஓடுகிறோம்" என்று சொன்னால், மாடியில் பேனலா, காற்றாலை ஒப்பந்தமா, வெறும் சான்றிதழா என்று கேளுங்கள். மூன்றின் எடை ஒன்றல்ல.

சிறுதொழிலுக்கு என்ன இருக்கிறது?

'பசுமைத் தொழில்' என்றாலே சோலார் என்று ஆகிவிட்டது. ஆனால் ஒரு பட்டறையில் பழைய மோட்டாரையும் கசியும் ஏர் கம்ப்ரெசரையும் மாற்றுவது பல நேரம் சோலாரைவிட மலிவு, பலனும் உடனடி. அதற்கு முதலில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளக்க வேண்டும், அதுதான் ஆற்றல் தணிக்கை. இந்தத் தணிக்கைச் செலவில் ஒரு பங்கையும், அதன்படி வாங்கும் இயந்திர விலையில் ஒரு பங்கையும் திருப்பித் தரும் 'பீஸ்' என்ற திட்டம் தமிழ்நாடு அரசிடம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். பொருளில் குறைபாடும் சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பும் இல்லாத உற்பத்திக்கான 'ஜெட்' சான்றிதழுக்கு மத்திய அரசு குறுநிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதமும், சிறு நிறுவனங்களுக்கு 60, நடுத்தர நிறுவனங்களுக்கு 50 சதவீதமும் ஏற்கிறது. சான்றிதழ் கட்டணத்துக்குத்தான் அந்தச் சலுகை, இயந்திரத்துக்கு அல்ல.

கடன் வழியும் உண்டு. வங்கிகள் தம் கடனில் ஒரு பங்கை முன்னுரிமைத் துறைகளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான கடன் அந்தப் பட்டியலில் வருகிறது. 2025 ஏப்ரல் முதல் நிறுவனங்களுக்கு 35 கோடி ரூபாய் வரை, வீடுகளுக்கு 10 லட்சம் வரை. வங்கி மேலாளர் சோலார் கடனுக்கு ஆர்வம் காட்டுவதில் அவருடைய இலக்கும் கலந்திருக்கிறது என்று தெரிந்தால் பேரம் பேசலாம்.

தனி ஒருவரால் முடியாததைக் கூட்டாகச் செய்ய வைக்கும் ஊக்கமும் இருக்கிறது. பல்லாவரம், நாகல்கேணிப் பக்கம் தோல் தொழிற்கூடங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கழிவுநீர் நிலையம் கட்ட முடியாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் மத்திய, மாநில அரசுகள் பங்கு தரும். 2012இல் திருத்தப்பட்ட திட்டப்படி மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 25, தொழில்முனைவோர் 25. ஆனால் இங்கே பணம் மட்டும் வேலை செய்யவில்லை. 1996இல் வேலூர் தோல் ஆலை வழக்கில் 'அழுக்காக்கியவரே ஈடுகட்ட வேண்டும்' என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், சுத்திகரிக்காத ஆலை மூடப்படும் என்ற பயமும் சேர்ந்துதான் வேலை நடந்தது. ஊக்கத்தொகையை மட்டும் நம்பிப் பேசுபவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

கார்பன் கிரெடிட் பற்றிச் சுருக்கமாக. ஒரு டன் கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மாசைத் தவிர்த்தால் கிடைக்கும், விற்கத்தக்க ஒரு வரவு அது. 2023இல் இந்தியாவின் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சிமெண்ட், அலுமினியம் போன்ற பெரிய ஆலைகளுக்கு ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு மாசு என்று இலக்கு. அதைவிடக் குறைத்தவர் விற்கலாம், தவறியவர் வாங்க வேண்டும். உங்கள் வீட்டு மூன்று கிலோவாட்டுக்கு இதிலிருந்து பெரிதாக எதுவும் வராது. வரும் என்று சொல்லி முன்பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

கையெழுத்துப் போடும் முன்

தனி வீடு என்றால்: ஓராண்டின் ஆறு பில்களையும் எடுத்து வைத்து, 500 யூனிட்டைத் தாண்டியவை எத்தனை என்று பாருங்கள். திட்டத்தின் தேசிய இணையதளத்தில் உங்கள் இ.பி. கன்ஸ்யூமர் நம்பரைக் கொடுத்து நீங்களே பதிவு செய்யுங்கள். பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அங்கேயே இருக்கிறது. "மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதி கொடுங்கள், வங்கிக் கணக்கு விவரத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பவரிடம் வேண்டாம்.

ஃபிளாட் என்றால் மாடி எல்லோருக்கும் பொது. ஒருவர் தனியாகப் போட மற்றவர்களின் சம்மதம் வேண்டும், நடைமுறையில் அது கிடைப்பதற்குள் பேனல் மாடலே மாறிவிடும். அசோசியேஷன் சேர்ந்து லிஃப்ட், மோட்டார், பொது விளக்குக்கான இணைப்புக்குப் போடுவதுதான் எளிது. அதே மத்தியத் திட்டத்தில் குடியிருப்பு நலச் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், 500 கிலோவாட் வரை. மின்வாகன சார்ஜிங் பாயின்ட்டும் அந்தப் பொதுத் தேவையில் சேரும். பொது இணைப்புக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது, ஆகவே முதல் யூனிட்டிலிருந்தே மிச்சம்.

வாடகை வீடு என்றால் இந்தத் திட்டத்தில் நேரடியாக எதுவும் இல்லை. கூரை சொந்தமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டுக்காரர் போடலாம், ஆனால் காசு போடுவது அவர், பில் குறைவது உங்களுக்கு. அதனால்தான் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் போடுவதில்லை. யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலிக்கும் வீடுகளில் கதை தலைகீழ்: மிச்சம் முழுவதும் அவருக்கு. புது ஒப்பந்தம் எழுதும்போது, மாடியில் பேனல் இருந்தால் கரண்ட் கட்டணம் எந்த மீட்டரைப் பார்த்துக் கணக்கிடப்படும், யூனிட்டுக்கு எவ்வளவு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.